கதிருக்குப் பணியும் கட்டி எது?

சிறுநீர்ப்பைப் புற்று தசைச்சுவருக்குள் இறங்கிவிட்டால் முக்கியமாக இரண்டு வழிகள். சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீர் வெளியேற வயிற்றில் வழி செய்வது ஒன்று. கதிர்வீச்சு கொடுத்து சிறுநீர்ப்பையைக் காப்பாற்றப் பார்ப்பது இன்னொன்று. யாருக்கு எது என்பதைக் கட்டியே முன்கூட்டிச் சொல்லிவிடுமா?

சொல்லும் என்றுதான் 2010இல் தோன்றியது. கதிர்வீச்சு, செல்லுக்குள் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. அறுந்த இடத்தை மோப்பம் பிடித்துப் பழுதுபார்ப்பைத் தொடங்கிவைப்பது எம்.ஆர்.ஈ.11 என்ற புரதமும் அதன் கூட்டாளிகளும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், சிகிச்சைக்கு முன் எடுத்த கட்டித் துணுக்குகளுக்கு நிறமேற்றி இந்தப் புரதத்தை அளந்தார்கள். கதிர்வீச்சு பெற்றவர்களில், அது நிறைய இருந்தோரில் 3 ஆண்டுகள் கழித்தும் இந்தப் புற்றுக்குப் பலியாகாதவர்கள் சுமார் 69 சதவீதம். குறைவாக இருந்தோரில் 43. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமோ இந்த வேறுபாடு தெரியவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய செய்தி. நோய் எவ்வளவு மோசம் என்று சொல்லும் குறியீடுகள் ஏராளம். எந்தச் சிகிச்சை பலிக்கும் என்று சொல்பவை அபூர்வம்.

ஆனால் கணக்கு இடிக்கிறதே! பழுதுபார்க்கும் புரதம் மிகுந்தால் கட்டியல்லவா தப்பிக்க வேண்டும்? பிறவியிலேயே இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானவர்களின் செல்களைக் கதிர் எளிதில் கொன்றுவிடுகிறது. கட்டியிலோ நிலைமை தலைகீழ். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அதைவிடப் பெரிய இடி 2019இல் விழுந்தது. பி.சி.2001, பி.கான் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கதிர்வீச்சுச் சோதனைகளின் திசுக்களுக்கு இயந்திரத்தால் நிறமேற்றி, மூன்று மையங்களில் மதிப்பெண் போட்டார்கள். செயல்முறையை வரிவரியாக எழுதிக் கொடுத்தும் ஒரு மையத்தின் மதிப்பெண் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஆயுளோடும் தொடர்பு தென்படவில்லை. நிறம் அடர்த்தியா, வெளிறலா என்று கண்ணால் தீர்மானிக்கிற வரை இந்தச் சிக்கல் எந்தப் புரதத்துக்கும் வரலாம்.

இதற்கு முன்பே அமெரிக்கக் குழு ஒன்று மதிப்பிடும் வேலையைக் கணினியிடம் விட்டு, செல்லின் உட்கருவில் இருக்கும் எம்.ஆர்.ஈ.11க்கும் வெளியே இருப்பதற்குமான விகிதத்தை அளந்தது. விகிதம் குறைந்தவர்களுக்குப் பலன் மோசம் என்று 2017இல் அறிவித்தது. ஆனால் அன்றாடச் சிகிச்சைக்கு அதுவும் வந்துசேரவில்லை. கட்டி ஒன்றா பலவா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, கட்டியை முழுதாகச் சுரண்டி எடுக்க முடிந்ததா என்று பார்த்துத்தான் இன்றும் மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.