கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்று மட்டும் பார்க்காதீங்க... ‘பஸ்’ எவ்வளவு அகலம்னு கேளுங்க!

செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் சொருகி கேம் ஆடவோ, கல்யாண வீடியோ எடிட் பண்ணவோ நினைப்பவர்கள் நம்மூர் பக்கம் நிறைய. கீரனூர் மாதிரி ஊரில் இருந்தால் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். எங்கே வாங்கினாலும் முதலில் காதில் விழுவது, ‘இது 2 ஜிபி, அது 4 ஜிபி’ என்பதுதான். அதை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒரே பெயர், ஒரே ஜிபி, ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு என்று கார்டுகள் நிஜமாகவே விற்பனைக்கு வந்திருக்கின்றன.

உதாரணம், என்விடியாவின் ஜிடி 1030. 2017-ல் இது ஜிடிடிஆர் 5 மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில், அதே 2 ஜிபியில், சாதாரண டிடிஆர் 4 மெமரி போட்ட இன்னொரு கார்டும் வந்தது. இரண்டிலும் பஸ் 64 பிட்தான். ஆனால் முதல் கார்டில் நொடிக்கு 48 ஜிபி டேட்டா போய் வரும். இரண்டாவதில் 16.8 ஜிபி மட்டுமே. பல கேம்களில் இரண்டாவது கார்டு ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஓடியது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்ததோ அதே ‘ஜிடி 1030’.

அதென்ன மெமரி பஸ்?

கார்டின் நடுவில் இருக்கும் பெரிய சிப்தான் கணக்குப் போடுகிறது. அதைச் சுற்றி இருக்கும் குட்டி சிப்கள் மெமரி. இரண்டுக்கும் இடையே டேட்டா போய் வரும் பாதைதான் மெமரி பஸ். 128 பிட் என்றால், ஒரே நேரத்தில் 128 பிட் டேட்டா பக்கத்தில் பக்கத்தில் போகலாம்.

இதைப் புரிந்துகொள்ள பழனி மலையைப் பார்த்தால் போதும். விஞ்ச்சில் ஒரு தடவைக்கு நிறைய பேர் ஏறலாம், ஆனால் மெதுவாகப் போகும். ரோப் காரில் கொஞ்சம் பேர்தான், ஆனால் சீக்கிரம் போய்விடும். தைப்பூசக் கூட்டத்தில் எதில் எத்தனை சீட் என்பதை விட, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதானே முக்கியம்? சீட்டு எண்ணிக்கைதான் பஸ் அகலம். போகிற வேகம்தான் மெமரியின் வேகம். ஜிபி என்பது அடிவாரத்து மண்டபத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்கிற கணக்கு. மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேலே போகிற வழி குறுகலாக இருந்தால் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கணக்கும் ஈஸி. பஸ் அகலத்தை மெமரி வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். இதைத்தான் பேண்ட்வித் என்கிறார்கள். ஜிடி 1030-ல் மெமரி வேகம் 6 ஜிகாபிட். 64 பெருக்கல் 6, வகுத்தல் 8, அதாவது 48.

6 ஜிபியா, 8 ஜிபியா?

இப்போது பட்ஜெட்டில் அதிகம் குழப்புவது ஆர்டிஎக்ஸ் 3050. 2022-ல் வந்தது 8 ஜிபி, 128 பிட், நொடிக்கு 224 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் பஸ் 96 பிட், நொடிக்கு 168 ஜிபி. ‘2 ஜிபிதானே கம்மி’ என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் பாதையில் இணைகிறது. 2 ஜிபி சிப் நான்கு இருந்தால் 8 ஜிபி, 128 பிட். ஒன்றை எடுத்துவிட்டால் மண்டபமும் சுருங்கும், பாதையும் சுருங்கும். போதாததற்கு உள்ளே இருக்கும் கோர்களும் 2,560-லிருந்து 2,304 ஆகக் குறைந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

அதற்காக 6 ஜிபி கார்டை ஒதுக்கவும் முடியாது. அது 70 வாட்தான் இழுக்கும், மதர்போர்டு ஸ்லாட்டில் வரும் கரன்ட்டே போதும். 8 ஜிபி கார்டு 130 வாட், தனி பவர் கேபிள் வேண்டும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் பவர் சப்ளையில் அந்தக் கேபிளே இருக்காது. அப்படிப்பட்ட பெட்டிக்கு என்னைக் கேட்டால் 96 பிட் கார்டுதான் சரி. புது பவர் சப்ளைக்கும் சேர்த்துச் செலவு பண்ணத் தயார் என்றால் கதை வேறு.

அகலம் மட்டும் போதுமா?

போதாது. 2014-ல் ஜிடி 730 என்ற ஒரே பெயரில் மூன்று வகை வந்தன. 128 பிட் டிடிஆர் 3 வகையில் நொடிக்கு 28.8 ஜிபி, 64 பிட் ஜிடிடிஆர் 5 வகையில் சுமார் 40 ஜிபி. பாதி அகலம் ஜெயித்துவிட்டது! மூன்றாவது வகை 64 பிட், டிடிஆர் 3: வெறும் 14.4. செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்தப் பெயர் கண்ணில் பட்டால் எந்த வகை என்று கேட்காமல் காசை எடுக்காதீங்க.

புது கார்டுகளில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ-யில் 256 பிட், 448 ஜிபி. அதற்கு அடுத்து வந்த 4060 டிஐ-யில் 128 பிட், 288 ஜிபி. ஆனாலும் சாதாரண ஃபுல் எச்டி திரையில் புதியதே கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. காரணம், சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் எனும் குட்டி மெமரி 4 எம்பியிலிருந்து 32 எம்பி ஆனது. அடிக்கடி தேவைப்படும் டேட்டா கையிலேயே இருப்பதால், மெமரிக்குப் போய் வரும் வேலை குறைகிறது. திரையின் ரெசல்யூஷன் கூடக் கூட அந்த முன்னிலை கரைந்துவிடும். ஆகவே வேறு வேறு தலைமுறைக் கார்டுகளை பிட் எண்ணை வைத்து மட்டும் ஒப்பிடக் கூடாது. ஒரே பெயரில் வரும் இரண்டு கார்டுகளுக்கு இடையேதான் அந்த எண் உண்மையைச் சொல்லும்.

கார்டே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர் என்றால், கம்ப்யூட்டரின் ரேம்தான் கிராபிக்ஸ் மெமரியும். ஒற்றை ரேம் போட்டால் பஸ் 64 பிட், 3200 வேக டிடிஆர் 4-ல் நொடிக்கு 25.6 ஜிபி. அதே மாதிரி இன்னொன்றை சரியான ஸ்லாட்டில் சொருகினால் 128 பிட், 51.2 ஜிபி. பிராசஸரும் இதில் பங்கு கேட்கும் என்றாலும், மட்டமான கார்டு வாங்குகிற காசுக்கு இது எவ்வளவோ மேல். டேலி, டைப்பிங், யூடியூப் மட்டும்தான் என்றால் அதுகூட வேண்டாம்.

கார்டு வாங்குவது என்று முடிவானால், கடையில் மாடல் பெயரை முழுசாகக் கேட்டு, தயாரித்த கம்பெனியின் தளத்தில் ‘மெமரி டைப்’, ‘மெமரி பஸ்’ இரண்டையும் சரிபாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி, புதுப் பெயர் காட்டும்படி செய்து விற்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். பஸ் அகலம், மெமரி வகை, பேண்ட்வித் எல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும், போலி என்று கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே அதைப் போட்டுவிடும். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.