லைற்றோலரின் சாட்சியம்: ஓர் ஆய்வு

சான்று கூறுவோன் மெய்யனோ பொய்யனோ என வினவுதல் எளிது. அவன் கூற்றுக்களுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது எனப் பகுத்தறிதலே அரிது. காட்சி, கருதல், உரை என அறிவின் வாயில்களை வகுத்த நம் அளவை நூலார், உரைப்போன் பொருளை உள்ளவாறு அறிந்தவனாகவும், அறிந்தவாறே உரைப்பவனாகவும் இருத்தல் வேண்டுமென்றனர். இவ்விரு நெறிகளையும் துணையாகக் கொண்டு, டைற்றானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாகிய சாள்ஸ் லைற்றோலர் அளித்த சாட்சியத்தை ஈண்டு ஆராய்வாம்.

1912ஆம் ஆண்டு ஏப்பிரில் 14ஆந் திகதி இரவு 11.40 மணிக்குப் பனிமலையொன்றுடன் மோதிய அக்கப்பல், மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமிழ்ந்தது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். உயிர் தப்பிய அதிகாரிகளுள் பதவியால் மூத்தவர் லைற்றோலரே. ஆதலின், அமெரிக்க செனற் சபையின் விசாரணையிலும், மேர்சி பிரபுவின் தலைமையில் இலண்டனில் நடைபெற்ற விசாரணையிலும் அவர் சொல் பெருமதிப்புப் பெற்றது.

முதற்கண், கப்பலின் வேகத்தை நோக்குவாம். வானம் தெளிவாயிருக்கும்போது, பனிக்கட்டி பற்றிய எச்சரிக்கை கிடைப்பினும் வேகத்தைக் குறைப்பது வழக்கமன்று என்றார் அவர். பிற கப்பற்றலைவர்களும் அவ்வாறே கூறினராதலின், வழக்கம் இதுவே என்னும் அளவில் அக்கூற்று ஏற்புடைத்து. ஆயின், வழக்கம் இருந்தது என்பது அவ்வழக்கம் தக்கது என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து, உயிர்காப்புப் படகுகள். 65 பேரை ஏற்றவல்ல பெரும்படகுகள் சில, பாதியும் நிரம்பாமலே இறக்கப்பட்டன. நிறைந்த பாரத்துடன் தொங்கவிடின் அவை தாங்கா என்று தாம் அஞ்சியதாக லைற்றோலர் கூறினார். கப்பலைக் கட்டிய நிறுவனத்தாரோ, 65 பேரின் எடைக்கு ஒத்த பாரத்தை ஏற்றிச் சோதனை செய்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. அவர் அஞ்சியது உண்மையாகலாம். அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லை. சோதனையின் முடிவு அதிகாரிக்குத் தெரியாதிருந்தமை அவர் ஒருவரது குறை மாத்திரமன்று; கப்பலை நடத்தியோரின் குறையுமாம்.

மூன்றாவது, கப்பல் பிளந்ததா என்னும் வினா. பிளவுபடாது முழுமையாகவே மூழ்கியது என லைற்றோலர் ஐயமின்றி உரைத்தார். கப்பலோட்டிகள் சிலரும் பயணிகள் சிலரும் அது இரண்டாக முறிந்ததைக் கண்டதாகச் சாற்றினர். மேர்சி பிரபுவின் அறிக்கையோ கப்பல் முறியவில்லை என முடிவு கூறியது. 1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி, றொபேட் பலாட் முதலானோர் அக்கப்பலைக் கடலடியிற் கண்டபோது, முன்பாகமும் பின்பாகமும் ஏறக்குறைய 600 மீற்றர் இடைவெளியில் வேறுவேறாகக் கிடந்தன. எளியோரின் கண்கள் கண்டதை உயர்ந்தோரின் சொல் 73 ஆண்டுகள் மறைத்து நின்றது. இருளிலே, குளிர்நீரில் உயிருக்குப் போராடிய ஒருவரின் பார்வையைப் பதவி கூர்மையாக்காது என்பதை அன்று நீதிமான்கள் எண்ணிலர்.

இனி, அறிந்தவாறே உரைத்தாரா என்பது. அவர் கப்பற் கம்பனியின் ஊழியர். கவனக்குறைவு நிலைநாட்டப்படின் கம்பனி பெரும் நட்டஈடு செலுத்த நேரும். 1935இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில், இலண்டன் விசாரணை குற்றத்தை வெள்ளையடித்து மறைக்கும் முயற்சியே என்றும், தாமும் அதற்கேற்ப நடந்ததாகவும் அவரே குறிப்பாக உணர்த்தியுள்ளார். ஆதலின், கம்பனிக்குச் சாதகமான அவரது விடைகள், பிறர் சான்றால் வலியுறாதவிடத்து ஐயுறற்பாலன.

எனினும், ஐயத்திற்கும் எல்லையுண்டு. சுக்கானைத் தவறான திசையிற் றிருப்பியமையாலேயே மோதல் நிகழ்ந்ததென்றும், லைற்றோலர் அதனை மறைத்தாரென்றும் அவர் பேர்த்தி 2010இல் கூறினார். மோதல் நிகழ்ந்த வேளையில் லைற்றோலர் தம் அறையிற் படுத்திருந்தார். அதனை அவர் நேரிற் கண்டிலர். குடும்பவழி வந்த செவிச்செய்தி, மேற்றளத்தில் நின்றோரின் 1912ஆம் ஆண்டுச் சாட்சியத்தை வெல்லுமாறில்லை.

1940இல் இதே லைற்றோலர் தம் சிறு படகிலே டன்கேர்க்கிலிருந்து ஏறக்குறைய 130 போர்வீரரை மீட்டுவந்தார். அவர் வீரத்தில் ஐயமில்லை. ஆயின் வீரம் வேறு, சான்று வேறு. மனிதரைப் போற்றும் நாவினாலேயே அவர் கூற்றை மறுக்கவும் அறிதல் வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே நிறுத்து, கண்டதா, கருதியதா, காக்கக் கூறியதா என வினவுதலே வரலாறு கற்போர்க்கு உரிய நெறியாம்.