பத்தியம் இருந்தும் ரத்தம் போனால்

மலத்தோடு ரத்தமும் சளியும் போகிறது என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால் நம் ஊரில் கிடைக்கும் பதில்கள் பழகியவை: உடம்புச் சூடு, மூலம், காரத்தைக் குறை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சி இந்தப் பதில்களுக்குப் பின்னால் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே பெருங்குடலின் உட்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அழற்சி மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலே படர்கிறது. மூலத்தில் பெரும்பாலும் மலம் கழிக்கும்போது பளிச்சென்ற ரத்தம் சொட்டும், அத்தோடு முடியும். இந்த நோயிலோ ரத்தமும் சளியும் தளர்ந்த மலத்தோடு கலந்து வரும். போய்விட்டு வந்த பிறகும் போகாதது போலவே முட்டும். நடு இரவில் தூக்கத்தைக் கலைத்து ஓடவைக்கும். அமீபாவால் வரும் சீதபேதியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அமீபா இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் மலப் பரிசோதனை, பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, அதில் எடுக்கும் சதைத் துணுக்கின் ஆய்வு ஆகியவை முடியும் முன் மருந்தும் பத்தியமும் இருட்டில் நடப்பவை.

நோய் உறுதியானதும் எழும் முதல் கேள்வி "என்ன சாப்பிடலாம்?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால் உணவை மட்டும் மாற்றி இந்த அழற்சியை அடக்கிவிடலாம் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. "நான் மிளகாயை நிறுத்தினேன், ரத்தம் நின்றது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த நோய் தானாகவே சீறும், தானாகவே அடங்கும். அடங்கும் நேரத்தில் தட்டில் எது இருந்ததோ, எது இல்லாமல் போனதோ, பெருமை அதற்குப் போய்விடுகிறது. 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 210 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் அந்தப் பிரிவில் 41 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. கார்ட்டிசோன் பெறாத பிரிவிலும் 16 சதவீதத்தினருக்கு அடங்கியிருந்தது. அந்த 16 சதவீதத்தில் ஒருவர் அப்போது தற்செயலாகப் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருந்தால், அதுதான் தன்னைக் குணப்படுத்தியது என்று ஆயுள் முழுக்க நம்பியிருப்பார்.

நம்பிக்கை அதோடு நின்றால் பரவாயில்லை. முதலில் காரம் போகும், பிறகு புளி, பால், பருப்பு, காய்கறி, மீன், முட்டை. கடைசியில் ரசம் சாதமும் இரண்டு இட்லியும் மிஞ்சும். தினம் ரத்தம் இழக்கும் உடலுக்கு இரும்புச்சத்தும் புரதமும் கூடுதலாக வேண்டிய நேரத்தில்தான் இந்தப் பட்டினி நடக்கிறது. எடை சரியும், ரத்தசோகை முற்றும், நோயோடு போராடத் தெம்பு இருக்காது. உணவின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. நோய் சீறியிருக்கும் வாரங்களில் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு, மசித்த சுரைக்காய், அவித்த முட்டை, முள் எடுத்த மீன், உப்புப் போட்ட மோர் போன்றவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அவை புண்ணை ஆற்றுவதில்லை. வயிற்றைக் கலக்காமல் சத்தைக் கொடுக்கின்றன. நோய் அடங்கியதும் கீரை, காய், பழம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். பலர் திருப்புவதே இல்லை. பத்து நாளுக்கென்று தொடங்கிய பத்தியம் பத்து வருடம் ஓடுகிறது. பாலை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் வளர்ந்தவர்கள் பலருக்குப் பால் சர்க்கரை செரிப்பதில்லை. அதனால் வரும் உப்புசமும் பேதியும் கொலைட்டிஸ் இல்லாதவருக்கும் உண்டு. சிலர் அதற்காகத் தயிரையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள். புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுவதால் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒரே பொருளை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வதே சரியான சோதனை.

"மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டே, இயற்கை வழிதானே நல்லது?" என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். ஆகவே சீற்றத்தை அடக்க மட்டும் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே முறை. நோயைத் தொடர்ந்து அடக்கி வைக்கத் தரப்படும் மெசலமைன் வேறு வகை. பெரும்பாலோர் சிரமமின்றி எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வப்போது சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தால் போதும். அதை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. மஞ்சளுக்கும் சான்று உண்டு, மறுக்கவில்லை. 2006-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 89 பேர் பங்கேற்றார்கள். மஞ்சளின் குர்குமினை நாளுக்கு 2 கிராம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் இரு தரப்பினருமே வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். சமையலில் அந்த அளவை எட்ட முடியாது. பத்தியத்தில் இத்தனை கவனம் காட்டுபவர்கள், மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் மாத்திரைகளைக் கண்டுகொள்வதில்லை. அடங்கிய நோயை இவை சிலருக்கு மறுபடி கிளப்பிவிடும்.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலை எது என்பதையும் ட்ரூலவும் விட்ஸுமே வகுத்துத் தந்தார்கள். நாளுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தம் கலந்த மலம், அதோடு காய்ச்சல் அல்லது நிமிடத்துக்குத் 90-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு என்றால் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். இன்னோர் ஆபத்து சத்தமில்லாமல் வருவது. பெருங்குடலில் பரவலாக நோய் உள்ளவர்களுக்கு வருடங்கள் கூடக்கூடப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுவதால், அறிகுறி தொடங்கி எட்டு வருடமானதும், தொந்தரவே இல்லாவிட்டாலும், கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பி தேவை. "பத்தியத்தில் நன்றாக இருக்கிறேன்" என்று மருத்துவரிடம் போவதையே விட்டவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

நீண்ட கால நோயில் மருத்துவர் மாறுவார், ஊர் மாறும். ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002-ன் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. கொலோனோஸ்கோப்பி அறிக்கையையும் சதை ஆய்வு முடிவையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. "குடல் புண் 30 நாளில் முழு குணம், மருந்தை நிறுத்திவிடலாம்" என்று விளம்பரம் செய்து பொடி விற்பவர்களுக்கும் சட்டம் உண்டு. 1954-ன் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் இரைப்பை, குடல் புண்களையும் சேர்த்திருக்கிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தின் படம், வாங்கிய ரசீது, டப்பாவின் லேபிள் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைத் தொடங்கலாம்.