பின்வருவோர்க்கு ஏற்றிய விளக்கு

மோட்டார் வண்டியிலே பொருத்தப்பட்டுள்ள விளக்குகளுள் சில, வண்டியை ஓட்டுபவனுக்குப் பயன்படுவன. முகப்பு விளக்கு அவனுக்கு வழியைக் காட்டுகின்றது. அவன் முன்னேயுள்ள பலகையில் ஒளிரும் சிறு விளக்குகள் எண்ணெயின் அளவையும் எந்திரத்தின் நிலையையும் அறிவிக்கின்றன. வேறு சில விளக்குகள் பிறருக்குப் பயன்படுவன. அவற்றுள் முதன்மையானது வண்டியின் பின்புறத்திலே சிவப்பாக ஒளிரும் பிறேக் விளக்காகும். ‘நான் வேகத்தைக் குறைக்கின்றேன், நீயும் எச்சரிக்கையாயிரு’ என்று பின்னால் வருபவனுக்கு அது சொல்லுகின்றது. சொல்லுபவனுக்கும் கேட்பவனுக்கும் அறிமுகமில்லை. ஆயினும் வீதியிலே இருவருடைய உயிரும் அந்த ஒரு சொல்லை நம்பியிருக்கின்றன.

இவ்விளக்கிற்கு ஒரு தனி இயல்பு உண்டு. முகப்பு விளக்கு அணைந்தால் சாரதி உடனே உணர்வான். திரும்புவதற்குச் சைகை காட்டும் விளக்கு பழுதுற்றால், அதன் ஓசை பல வண்டிகளிலே விரைவாகி அவனுக்கு அறிவித்துவிடும். பிறேக் விளக்கையோ அவன் காண்பதில்லை. அது எரியாதொழிந்தாலும், வாரக்கணக்கில் ஒன்றும் அறியாமலே வண்டியை ஓட்டிச் செல்லுதல் கூடும். பழுதின் விளைவை முதலில் அறிபவன் பெரும்பாலும் பின்னால் வருபவனே.

அவ்விளைவு எத்தகையது என்பதைச் சிறு கணக்கொன்றினால் அறியலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியிலே ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடக்கும். முன்வண்டியின் சிவப்பொளியைக் கண்டு, மனத்திற் கொண்டு, காலைப் பிறேக்கின்மேல் வைப்பதற்கு ஒன்றரை வினாடி செல்லுமாயின், அதற்குள் 25 மீற்றர் கடந்துவிடுகின்றது. ஒளி தோன்றாதபோது, முன்வண்டி நெருங்கி வருவதைக் கண்ணால் மட்டிட்டே அறிதல் வேண்டும். அதனாலே இன்னும் ஒரு வினாடி தாமதிப்பின், நீண்டதொரு பஸ் வண்டியின் நீளத்திலும் கூடிய தூரம் வீணாகிவிடும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதலாக, இரு பக்கத்து விளக்குகளோடு, பின்புறத்தின் நடுவே உயரத்தில் மூன்றாவது பிறேக் விளக்கொன்றும் இருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகம் பின்னர் இதன் பயனை ஆராய்ந்தபோது, பின்புற மோதல்கள் 1987இல் 8.5 சதவீதமும், மக்கள் இதற்குப் பழகிய பிற்காலத்தில் 4.3 சதவீதமும் குறைந்திருக்கக் கண்டது. சதவீதம் சிறிதேயாயினும், பெரியதொரு நாட்டிலே அது ஆயிரக்கணக்கான மோதல்களைக் குறிக்கும். ஒரு சிறு விளக்கின் பயன் இத்துணையாயின், அது பொய்யுரைக்கும்போது விளையும் கேடும் சிறியதாகாது.

அவ்வாறு பொய்யுரைத்த விளக்குகளின் வரலாறு ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2004 முதல் 2012 வரையுள்ள ஆண்டுகளுக்கெனச் செய்த செவ்ரோலே மலிபு, பொன்ரியாக் ஜீ-6, சட்டர்ன் ஓரா ஆகிய கார்களிலே இப்பழுது தோன்றிற்று. சிலவற்றிலே பிறேக்கை மிதித்தும் விளக்கு எரியவில்லை. வேறு சிலவற்றிலே மிதியாமலே எரிந்தது. இரண்டாவது வகையைத் தீங்கற்றதென நினைத்தல் தவறு. காரணமின்றி எப்பொழுதும் எரியும் விளக்கைப் பின்வருவோர் நம்பாதொழிவர். உண்மையிலே வண்டி நிற்கும்போதும் அதனைப் பொருட்படுத்தார்.

இதன் காரணம் யாது? பழைய கார்களிலே பிறேக் மிதியின் அருகே ஓர் ஆளி இருக்கும். மிதித்தவுடன் மின்சுற்று முற்றுப்பெற்று விளக்கு எரியும், அவ்வளவே. நாம் கூறும் கார்களிலோ, மிதி எவ்வளவு அழுந்துகின்றது என்பதை ஓர் உணர்கருவி மின்னழுத்தமாக மாற்றி, வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகின்றது. அப்பெட்டியே விளக்கை எரியச் செய்கின்றது. கம்பித்தொகுதி பெட்டியோடு இணையும் இடத்திலே, ஓட்டத்தின் அதிர்வினால் உலோக முனைகள் ஒன்றோடொன்று நுண்ணிதாக உராய்ந்தன. உராய்ந்த இடம் அரிப்புற்றது, மின்தடை கூடியது, பெட்டிக்குச் சென்ற செய்தி திரிந்தது. செய்தி திரியவே விளக்கு தவறியதுமன்றி, வண்டி சறுக்காது காக்கும் உறுதிக் கட்டுப்பாடும், வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் அமைப்பும் சிலவேளைகளிற் செயலிழந்தன.

இத்தகைய பழுது தொடர்ச்சியானதன்று. வந்து வந்து மறைவது. உரிமையாளர் வண்டியைத் திருத்தகத்திற்குக் கொண்டு சென்ற வேளையிலே விளக்கு ஒழுங்காக எரியும். ‘பழுது எதுவுமில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் வீதியிலே மீண்டும் தவறும். தம் முறைப்பாட்டை எவரும் நம்பவில்லை என்னும் மனக்குறை இவ்வகைப் பழுதுகளிலே எழுவது இயல்பே.

அந்நாட்டிலே முறைப்பாட்டிற்குச் சட்டத்தின் துணையுண்டு. 1965இல் றால்ப் நேடர் என்பார் கார்களின் பாதுகாப்பின்மையைக் குறித்து எழுதிய நூல் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியது. 1966இல் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பைப் பாதிக்கும் குறை உண்டென்று தெளிந்த நிறுவனம், ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும்; உரிமையாளருக்குக் கடிதம் எழுதுதல் வேண்டும்; குறையைக் கட்டணமின்றி நீக்குதல் வேண்டும். ஆங்கிலத்திலே ‘றீகோல்’ என வழங்கும் இச்செயலை நாம் மீளழைப்பு எனலாம்.

ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும் மீளழைப்புச் செய்தது. 2009 ஜனவரியிலே, பொன்ரியாக் ஜீ-6 கார்களுள் ஏறக்குறைய 8,000 மட்டும் அழைக்கப்பட்டன. குறிப்பிட்டதொரு காலத்தில் உற்பத்தியான தொகுதியிலேயே குறை அடங்கியதெனக் கருதப்பட்டது. ஆனால் அத்தொகுதிக்கு வெளியேயுள்ள கார்களின் உரிமையாளரும் முறையிட்டவண்ணமிருந்தனர். 2013இல் அரசு நிருவாகம் விசாரணை தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் தேதி நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 24 இலட்சம் கார்களை இதே குறைக்காக அழைத்தது. நூற்றுக்கணக்கான முறைப்பாடுகளையும், 13 மோதல்களையும், இருவர் காயமுற்றதையும் தான் அறிந்ததாகவும், உயிரிழப்பு எதனையும் அறியவில்லை என்றும் நிறுவனம் தெரிவித்தது.

எண்ணாயிரம் எங்கே, இருபத்து நான்கு இலட்சம் எங்கே! ஒன்று மற்றொன்றின் முந்நூறு மடங்கு. இடையிலே கழிந்தவை ஐந்து ஆண்டுகள். குறையை நீக்கும் வழியோ அரியதன்று. இணைப்பு முனைகளிலே மின்கடத்தாத மசகைப் பூசி, இணைப்பு அசையாதவாறு ஒரு தடையை வைத்து, மிதியின் நிலையைப் பெட்டிக்கு மீண்டும் அறிவுறுத்தினாற் போதும். சிறிது மசகுக்கு ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களின் சினத்தை நாம் குறைகூற முடியாது.

நிறுவனத்தின் பக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். ஒரு காரிலே பல்லாயிரம் உறுப்புக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பிழைத்தல் குற்றமாகாது. வந்து மறையும் பழுதின் காரணத்தைக் காண்பதும் எளிதன்று. குறை தோன்றியது பிழையன்று. அதன் எல்லையைச் சுருக்கமாக வரைந்து, அவ்வெல்லைக்கு வெளியே முறையிட்டவர்களைத் தனித்தனி நிகழ்ச்சிகளாகக் கருதியதே பிழை. ஒரு வகுப்பில் ஐந்து மாணவர் ஒரே கணக்கைப் பிழையாகச் செய்தால், ஐவரையும் திருத்துவதோடு ஆசிரியன் நின்றுவிடலாகாது. கற்பித்த முறையையே அவன் ஆராய்தல் வேண்டும். ஒரே காரணம் உள்ள இடமெல்லாம் ஒரே குறையும் உண்டு என்பதே முறையான நியாயம்.

அறிந்ததை அறிவிக்கத் தாமதிப்பதன் கொடுமையை, அதே ஆண்டில் வெளியான மற்றொரு செய்தி இன்னும் தெளிவாகக் காட்டியது. அந்நிறுவனத்தின் வேறு சில கார்களிலே திறப்பு ஆளி தானாக நழுவி எந்திரத்தை நிறுத்திற்று. காற்றுப் பையும் விரியாதாயிற்று. அதனை அறிவிக்கத் தாமதித்தமைக்காக 2014 மே மாதத்திலேயே 3.5 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நிறுவனம் அமைத்த நட்டஈட்டு நிதி, அக்குறையினால் 124 பேர் மாண்டனர் என ஏற்றுக்கொண்டது.

மீளழைப்பு அறிவிக்கப்பட்ட பின்னரும் இடர்கள் நீங்குவதில்லை. பெருந்தொகையான வண்டிகள் அழைக்கப்படும்போது, ‘குறை உண்டு; உதிரிப்பாகம் வந்தபின் அறிவிப்போம்’ என்று ஓர் இடைக்காலக் கடிதமே முதலில் வருதல் உண்டு. ஆபத்தை அறிந்தும் அதே வண்டியிலே பயணஞ் செய்ய வேண்டிய நிலை உரிமையாளருக்கு நேர்கின்றது. வண்டி கைமாறியிருப்பின் கடிதம் பழைய முகவரிக்குச் சென்றுவிடும். பொன்ரியாக், சட்டர்ன் என்னும் பெயர்களில் கார்கள் செய்வது 2010இலேயே நின்றுபோயிற்று. எனினும் அவற்றைத் திருத்தும் கடமை நிறுவனத்தைவிட்டு நீங்கவில்லை. கட்டணமின்றித் திருத்தும் கால எல்லையும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பத்து ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டாக நீட்டப்பட்டது.

நேயர்களே, கடிதம் சென்றடையாத உரிமையாளர் நம் நாட்டிலே பலர். நம் வீதிகளில் ஓடும் கார்களுட் பல, யப்பானிலே பாவிக்கப்பட்டபின் இறக்குமதியானவை. அங்கு மீளழைப்பு அறிவிக்கப்பட்டாலும், கடிதம் இங்குள்ள இரண்டாவது உரிமையாளரைத் தேடி வருவதில்லை. ஆதலின் வண்டியின் அடிச்சட்ட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையத்தளத்திலோ உள்ளூர் முகவரிடமோ மீளழைப்பு உண்டா எனக் கேட்டறிதல் நமது கடமையாகும்.

மற்றொரு கடமை முறைப்பாட்டை எழுத்தில் வைப்பது. பழுது தோன்றிய நாள், ஓடிய தூரம், மழையா வெயிலா, விளக்கு எரியவில்லையா அன்றி அணையவில்லையா என்பனவற்றை எழுதி, திகதியிட்டுக் கொடுத்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் வேண்டும். வாயாற் சொன்னது காற்றோடு போகும். எழுதிய நூறு கடிதங்கள் ஒன்றுசேரும்போது அவை சான்றாகும். எண்ணாயிரம் என்னும் எல்லையை இருபத்து நான்கு இலட்சமாக விரித்ததிலே, அவ்வாறு ஒன்றுசேர்ந்த முறைப்பாடுகளுக்கும் பங்குண்டு.

இறுதியாக ஓர் எளிய சோதனை. மாலை மங்கும் வேளையிலே வண்டியின் பின்புறம் ஒரு சுவரை நோக்கியிருக்க நிறுத்தி, பிறேக்கை மிதித்துக் கண்ணாடியிற் பாருங்கள். சுவரிலே சிவப்பொளி தோன்றுகின்றதா, காலை எடுத்ததும் மறைகின்றதா என்பது தெரியும். விளக்குகள் மூன்றும் எரிகின்றனவா என்று வீட்டிலுள்ள ஒருவரைப் பின்னே நின்று பார்க்கச் சொல்லுங்கள். வாரத்திற்கு ஒரு முறை இதனைச் செய்ய ஒரு நிமிடத்திற்கு மேற் செல்லாது.