கணிப்பொறியின் நினைவு: விரைவும் உடன்பாடும்



கணிப்பொறி எத்துணை விரைவாகக் கணக்கிடுகிறது என்று வியப்போர் பலர்; கணக்கிடுவதற்கு வேண்டிய எண்களை அஃது எங்கே வைத்துக்கொள்கிறது என்று கேட்போர் சிலரே. வகுப்பில் கணக்குப் போடக் கரும்பலகை வேண்டும். போட்டதைச் சேர்த்து வைக்கக் குறிப்பேடு வேண்டும். கணிப்பொறிக்கும் இவ்விரண்டும் உண்டு. கரும்பலகையைப் போன்ற நினைவகத்தைப் பற்றியே இங்கு ஆராய்வோம்.

இன்றைய நினைவகத்தின் அடிப்படையை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு என்னும் பொறியியல் அறிஞர். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி ஆகிய இரண்டே கொண்டு ஒரு நினைவு அறையை அவர் அமைத்தார். அதற்கு 1968ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லையேல் 0. ஆனால் இம்மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது; ஏற்றிய மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் விநாடிக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் அதனை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் நினைவும் அழியும்.

இனி, தரம் என்பது எதற்கு? எந்த நிறுவனத்தின் மின்விளக்கும் நம் வீட்டுத் தாங்கியில் பொருந்துகிறது. அளவுகளைப் பற்றி முன்னரே ஓர் உடன்பாடு இருப்பதே காரணம். கணிப்பொறியில் நினைவகத்தைச் செய்பவர் ஒருவர். அதைப் பொருத்தும் பலகையைச் செய்பவர் மற்றொருவர். இருவருக்கும் பொதுவான விதிகளை வகுக்க, நிறுவனங்கள் கூடி அமைத்த அவையே ஜெடெக்.

இவ்வுடன்பாட்டின் வலிமையைக் காட்டிய போட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ராம்பஸ் நிறுவனம் புதிய முறையொன்றைப் படைத்தது. 1996ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எதிரே நின்றது, ஜெடெக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.டி.ஆர். என்னும் தரம்.

இரண்டையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ராம்பஸ் முறையில் பாதை குறுகியது. 16 கம்பிகளே, அதாவது ஒரு முறைக்கு 2 பைட்டு. ஆனால் விநாடிக்கு 80 கோடி முறை. பெருக்கினால் 160 கோடி பைட்டு. பழைய தரத்தில் பாதை அகன்றது. 64 கம்பிகள், 8 பைட்டு. விநாடிக்கு 13.3 கோடி முறை என்றால் ஏறக்குறைய 106 கோடி பைட்டு. டி.டி.ஆர். என்ன செய்தது? அதே அகன்ற பாதையை வைத்துக்கொண்டு, கடிகாரத் துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையும் செய்தியை அனுப்பியது. பயன் இரட்டித்து 213 கோடி ஆயிற்று.

ராம்பஸ் நினைவகத்தைச் செய்வோர் உரிமைத்தொகை செலுத்தவேண்டும், அதன் விலை மிகுதி, வெப்பமும் மிகுதி. டி.டி.ஆர். முறையோ பழைய தரத்தில் செய்த சிறு திருத்தமே. 2000 நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4 முதலில் ராம்பஸ் நினைவகத்தையே நம்பி நின்றது. மறு ஆண்டிலேயே இன்டெல் பிற வகைகளையும் ஏற்க நேர்ந்தது. பின்னர் டி.டி.ஆர். எங்கும் பரவிற்று.

அங்ஙனமாயின் ராம்பஸ் முறை பயனற்றதோ? அன்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவி அந்நினைவகத்தைக் கொண்டே இயங்கியது. ஒரே நிறுவனம் முழுவதையும் வகுக்கும் கருவியில் அது பொருந்தியது. பலர் கைகோத்துச் செய்யும் கணிப்பொறியில் பொருந்தவில்லை.

பொதுத் தரத்திலும் சிக்கல் இல்லாமற் போகவில்லை. முன்னர் ஜெடெக் அவையில் இருந்து 1996இல் விலகிய ராம்பஸ், டி.டி.ஆர். முறையிலும் தன் காப்புரிமை அடங்கியுள்ளது என்று வழக்காடியது. உறுப்பினராய் இருந்தபோதே இதனை வெளியிடவில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2006இல் குற்றம் கண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் அம்முடிவைத் தள்ளிவிட்டது. பொது அவையில் யார் எதை வெளியிடவேண்டும் என்பதை ஐயமின்றி எழுதி வைக்கவேண்டும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

இனிவரும் காலம் எப்படி? நினைவகச் சில்லுகளை மாடி வீடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழாகக் கம்பிகளை இறக்கும் முறை வந்துவிட்டது. எச்.பி.எம். எனப்படும் இதன் தரத்தை ஜெடெக் 2013இல் வெளியிட்டது. ஓர் அடுக்கிற்கு 1,024 கம்பிகள். 2025இல் வெளியான நான்காம் தலைமுறைத் தரத்தில் அவை 2,048 ஆயின. செயற்கை நுண்ணறிவுக்கான பொறிகள் இதனையே பெரிதும் நாடுகின்றன. மைக்ரான் நிறுவனம் 2011இல் அறிவித்த மற்றோர் அடுக்கு முறை நிலைக்கவில்லை. 2018இல் அந்நிறுவனமே அதனைக் கைவிட்டது. மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகம் ஒன்றை 2015இல் இன்டெல்லும் மைக்ரானும் அறிவித்தன. அதனை ஆப்டேன் என்னும் பெயரில் விற்றுவந்த இன்டெல், 2022இல் அத்தொழிலை நிறுத்துவதாகக் கூறிற்று.

புதிய நினைவகம் ஒன்றைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது, அதன் விரைவை முதலில் பெருக்கிப் பாருங்கள். அதனோடு நின்றுவிடாமல், அதனைச் செய்யும் உரிமை எத்தனை பேருக்கு உண்டு என்றும் கேளுங்கள். இரண்டாவது வினாவிற்கு விடை கூறும் அவைகளில் நாளை அமர வேண்டியவர்கள் நீங்களே. அங்கே கணக்கறிவோடு நேர்மையும் வேண்டப்படும்.