பாட்டே இல்லாத 1954 படம்: 'அந்த நாள்' இன்றைக்கும் ஏன் பேச வைக்கிறது?

வார இறுதியில் ஒரு பழைய படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், பத்தாவது நிமிடத்தில் கை தானாகவே வேகத்தைக் கூட்டப் போகிறது. திங்கட்கிழமை ஆபீஸில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், வருவது பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான். ஒன்று "செம கிளாசிக்". இன்னொன்று "ரொம்ப ஸ்லோ ப்ரோ". இந்த இரண்டிலும் அடங்காத ஒரு தமிழ்ப் படம் 'அந்த நாள்'.

ஏவி.எம். தயாரித்து 1954 ஏப்ரலில் வெளிவந்த படம் இது. இயக்கியவர் வீணைக் கலைஞராகப் புகழ்பெற்ற எஸ்.பாலசந்தர். அப்போது அவருக்கு வயது 27. சிவாஜி கணேசன், பண்டரிபாய் நடித்தார்கள். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமன், சிஐடி அதிகாரியாகவும் வருகிறார்.

கதை என்ன?

1943 அக்டோபர் 11-ம் தேதி இரவு ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைமீது குண்டு வீசியது. இது உண்மையில் நடந்தது. படத்தின் கதையும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. ரேடியோ இன்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில், ஊரே கொண்டாடிய சிவாஜி முதல் காட்சியிலேயே செத்து விழுகிறார்!

விசாரணை தொடங்குகிறது. பக்கத்து வீட்டு சின்னையா, ராஜனின் சகோதரர் பட்டாபியைக் கைகாட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே சந்தேகிக்கிறார். ஹேமா, ராஜனோடு பழகிய அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜமோ சின்னையாவைச் சொல்கிறாள். சந்தேகம் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ராஜனின் மனைவி உஷா.

கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லவில்லை. கவலை வேண்டாம்.

பாட்டு இல்லை என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். 1930-களின் தமிழ்ப் படங்களில் முப்பது, நாற்பது பாட்டுகள் சாதாரணம். ஐம்பதுகளில் எண்ணிக்கை குறைந்தாலும், பாட்டும் நடனமும் இல்லாத படத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 'அந்த நாள்' படத்தில் பாட்டு, நடனம், சண்டை மூன்றுமே கிடையாது. எடுத்தவரோ ஒரு இசைக் கலைஞர். விமர்சகர்கள் பாராட்டினாலும், பாட்டை எதிர்பார்த்துத் தியேட்டருக்குப் போன பலர் ஏமாந்துதான் திரும்பினார்கள்.

'வீடு' (1988), 'குருதிப்புனல்' (1995), 'கைதி' (2019) போன்ற பாட்டில்லாத படங்களுக்கெல்லாம் முன்னோடி இதுதான்.

'ரஷோமோன்' காப்பியா?

படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தின் தாக்கம் இதில் உண்டு. ஒரே மரணத்தைப் பலர் பல விதமாகச் சொல்வது அங்கிருந்து வந்த உத்தி.

ஆனால் அந்த உத்தி இரண்டு படங்களிலும் வேறு வேறு வேலை செய்கிறது. குரோசவா படத்தில் சாட்சிகள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியாக நடந்ததை மாற்றிச் சொல்கிறார்கள். எது உண்மை என்பது கடைசிவரை தெரியாது. 'அந்த நாள்' படத்தில் ஆளாளுக்கு ஒரு யூகம் சொல்கிறார்கள், முடிவில் உண்மை ஒன்று தெரிந்துவிடுகிறது. ஒருவரைக் குற்றம்சாட்டப் போய், தங்கள் வீட்டுப் பணத் தகராறையும் பொறாமையையும் தாங்களே கொட்டிவிடுகிறார்கள் என்பதுதான் இதில் சுவாரசியம். "காப்பி" என்ற ஒரே வார்த்தையில் முடித்தால் இது விட்டுப்போகும்.

எங்கே சண்டை வருகிறது?

ராஜன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம்.

ராஜன் திறமைசாலி. எல்லோராலும் வாங்க முடிகிற விலையில் ரேடியோ செய்ய நினைக்கிறான். அரசாங்கத்திடம் உதவி கேட்டுப் போகிறான், கைவிரித்துவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில் ஜப்பானுக்கு உளவு சொல்பவனாக மாறுகிறான். "டேலன்ட் இருந்தும் மதிக்கலையே" என்ற ஆதங்கம், இன்று வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் புரியாததில்லை. சிவாஜி அந்தப் பாத்திரத்தைப் பொய்யான வில்லனாகவும் காட்டவில்லை. அவன் பேசுவதில் நியாயம் இருப்பது போலவே தோன்றும்.

அவன் துரோகம் செய்தது யாருக்கு? அன்றைக்கு ஆண்டது பிரிட்டிஷ் அரசு. சென்னையில் குண்டு விழுந்து பத்து நாளில், அதே மாதம் 21-ம் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜப்பான் ஆதரவோடு சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் பலர் அவருடைய படையில் சேர்ந்தார்கள். அவர்கள் பார்வையில் ஜப்பான் கூட்டாளி. 1942-லேயே குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்த சென்னைக்காரர்கள் பார்வையில் ஜப்பான் எதிரி. படம் சென்னைக்காரர்கள் பக்கம் நிற்கிறது. அது சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம்.

இன்று பார்த்தால் எது இடிக்கிறது?

வசனம் சில இடங்களில் மேடைப் பேச்சு போல நீள்கிறது. அன்றைய நடிகர்களும் எழுத்தாளர்களும் பலர் நாடகத்திலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பெண்ணுக்குப் பெண்ணைப் பொறாமைக்காரியாகக் காட்டும் இடங்களும் நெருடும். அதைச் சொல்வதில் தப்பே இல்லை. "அந்தக் காலப் படம், குறை சொல்லக் கூடாது" என்பது மரியாதை போலத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்லும்போது படத்தைப் பற்றிய பேச்சே நின்றுவிடுகிறது.

சரி, பார்த்தபின் எப்படிச் சொல்லலாம்?

* எந்தப் பிரதி என்று சொல்லுங்கள். ஒலி மங்கி, காட்சிகள் வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்துவிட்டு இயக்குநரைக் குறை சொல்ல வாய்ப்பு உண்டு.
* "ஸ்லோ" என்று நிறுத்தாமல், எந்தக் காட்சியில் சலித்தது என்று சொல்லுங்கள்.
* உங்களை யோசிக்க வைத்த ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். கேட்பவர் படம் பார்க்க அது போதும்.

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பற்றி இன்று யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அதன் பிரதியே நம்மிடம் இல்லை. 'அந்த நாள்' இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கினால் போதும், ராஜன் பக்கமா, உஷா பக்கமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.