வண்டு மொய்க்காத பூவா காந்தள்?

மழைக்காலத்தில் வேலியோரம் தீப்பற்றிக்கொண்டதுபோல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் செங்காந்தள்தான். கார்த்திகை மாதத்தில் பூத்துக் குலுங்குவதால் கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கடல் கடந்து ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர்.

பறிக்க வேண்டாம், கிட்டப் போய் இலையை மட்டும் பாருங்கள். பாகற்கொடிக்குப் பற்றிப் பிடிக்கத் தனியாகக் கம்பிச்சுருள் முளைக்கும். காந்தளுக்கு அப்படி இல்லை. இலையின் நுனியே மெலிந்து நீண்டு சுருளாகிவிடும். பக்கத்தில் முள்ளோ சுள்ளியோ தட்டுப்பட்டால் போதும், ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். நிமிர்ந்து நிற்க வலுவில்லாத தண்டு, இலைகளைக் கொண்டே மேலே ஏறிவிடுகிறது.

பூவோ அதைவிட வேடிக்கை. தலைகீழாகத் தொங்கும், அலை அலையான ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு ஏறி, கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடித்துவிட்டதுபோல் ஒரு பக்கமாக மடங்கி வெளியே நீளும்.

சங்கப் புலவர்களுக்கு இந்தப் பூ மேல் தனிப் பிரியம். குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் முதல் பெயர் காந்தள்தான். பெண்களின் விரலுக்கு இதை உவமை சொல்வார்கள். முருகன் சூடும் பூவும் இதுவே. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகன் தலையில் இருப்பது வண்டு மொய்க்காத காந்தள் என்கிறார். தெய்வத்துக்கு உரிய பூ என்பதால் வண்டு நெருங்காதாம்! ஆனால் வேறு சங்கப் பாடல்களில் தும்பி காந்தளை ஊதத்தான் செய்கிறது.

யார் சொல்வது சரி? பூவின் அமைப்பைக் கவனியுங்கள். தேன் இதழின் அடியில் இருக்கிறது. மகரந்தப் பையோ எட்டத்தில், தாளின் நுனியில். சின்ன வண்டு வந்தாலும் மகரந்தத்தைத் தொடாமலே தேனைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். பூவுக்கு அதனால் லாபமில்லை. அகலச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சி வந்தால் கதையே வேறு. அது தேன் உறிஞ்சும்போது சிறகு மகரந்தப் பையில் உரசும். அடுத்த பூவில், வெளியே நீண்டிருக்கும் சூல்முடியில் அதே சிறகு படும். தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்தவர்கள், காந்தளின் மகரந்தம் பெருமளவு வண்ணத்துப்பூச்சியின் சிறகில்தான் பயணம் செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். தேன்சிட்டும் இந்தப் பூவைத் தேடி வரும்.

இவ்வளவு அழகுக்குள் கடும் நஞ்சும் இருக்கிறது. கால்ச்சிசின் என்று அதற்குப் பெயர். செடி முழுவதும் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். கலப்பைபோல் வளைந்த அந்தக் கிழங்கைச் சாப்பிடும் கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. தொட்டுப் பார்த்தீர்களா? உடனே சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகள் உண்டு; அவற்றை உருவாக விடாமல் தடுப்பதுதான் கால்ச்சிசினின் வேலை. மருத்துவர்கள் இதையே மிகச் சிறிய அளவில், கீல்வாத வலிக்கு மருந்தாகத் தருகிறார்கள்.

அதனால்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் காந்தளை விதைக்காகத் தோட்டம் தோட்டமாகப் பயிர் செய்கிறார்கள். அங்கே இதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். வண்ணத்துப்பூச்சியை நம்பிக் காத்திருந்தால் காய் போதுமான அளவு பிடிக்காது. ஆகவே காலை வேளையில் கொடி கொடியாக ஆட்கள் போய், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தடவிவிடுகிறார்கள்.